புழுதி நஜீஸ் அன்று



நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், உறவினர் குடும்பங்களுடன் இரண்டு வண்டிகளில் ஜவ்வாது மலைக்குச் சென்றிருந்தோம். ஆலங்காயத்திலிருந்து மலையேறி, காவலூர் வானாய்வகத்தைக் கடந்து, ஜமுனாமரத்தூரை நோக்கிச் செல்லும் வழியில் சாலையோரம் ஓர் ஓடை தென்பட்டது. கோடைக்காலம் ஆதலால் நீர் கணுக்கால் அளவே ஓடியது. நிழலும் நீரும் ஒருங்கே கிடைத்ததால் அங்கேயே பாய் விரித்தோம். நாங்கள் உணவருந்திக்கொண்டிருக்கையில், எங்கள் வேனின் ஓட்டுநர் வண்டியை ஓடைக்குள்ளேயே இறக்கி நிறுத்தி, ஷாம்பு கரைத்துக் கழுவத் தொடங்கினார். மலைப்பாதைப் புழுதி செம்மண் நிறத்தில் வழிந்து ஓடையில் கலந்தது. எங்களில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. “வண்டி பளபளன்னு ஆயிடுச்சே!” என்று பாராட்டியவர்களும் உண்டு.

லுஹர் நேரம் வந்தது. எங்கள் பெரியத்தா உளூச் செய்வதற்காக ஓடையருகே அமர்ந்தார். அவர் அமர்ந்தது வேன் நின்ற இடத்துக்குக் கீழ்ப்புறம். இரு கைகளாலும் அள்ளிய நீரில் நுரை மிதந்தது. அதைக் கீழே விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து, வேனுக்கு மேற்புறமாகச் சென்று அமர்ந்தார்.

பெரியத்தாவுக்கு மேலே செல்ல இடம் இருந்தது. இன்னும் கீழே, இரண்டு குடங்களுடன் நின்றிருந்த மலைவாழ் மூதாட்டிக்கு அது இல்லை. அவருடைய ஊருக்கு இறங்கும் தடம் அந்தப் பாறையருகேதான் இருந்தது. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “கழுவி முடிச்சாச்சா சாமி?” என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றதும், நுரை வடியும்வரை காத்திருந்து, குடங்களை நிரப்பிக்கொண்டு நடந்தார். அவர் ஏசியிருந்தால் நாங்கள் பதில் பேசியிருப்போம். காத்திருந்ததுதான் இன்றுவரை நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

அந்த ஓடையோரத்தில் தொழுதவர்கள் நாங்கள். உளூவின் ஃபர்ளுகளையும் சுன்னத்துகளையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் நாங்கள். ஒரு முதியவரின் உளூவையும் ஒரு மூதாட்டியின் குடிநீரையும் கெடுத்தது எங்கள் வண்டி. எதற்காக? புழுதியைப் போக்குவதற்காக. இந்தக் கட்டுரை அந்தப் புழுதியைப் பற்றியது.

சுத்தம் என்ற பெயரால்

வண்டியைக் குழாய் வைத்துக் கழுவுவோரிடம் கேட்டால், உடனே ஒரு ஹதீஸைச் சொல்வார்கள்: தூய்மை ஈமானில் பாதி. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற உறுதியான நபிமொழி அது. ஆனால் எதற்கு எதைச் சான்றாகக் கொண்டுவருகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்க்கம் பேசும் தூய்மைக்கு வரையறை உண்டு. தொழுகை நிறைவேற உடல், உடை, தொழும் இடம் ஆகிய மூன்றும் நஜீஸிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். நாம் காரின் மீது நின்று தொழுவதில்லை. அதன் சக்கரத்தில் சாணம் ஒட்டியிருந்தாலும் நம் தொழுகைக்குக் குறைவில்லை. தெருவில் நடக்கையில் உடையில் தெறிக்கும் சேற்றையே, தவிர்க்க இயலாதது என்பதால் மன்னிக்கப்பட்டதாக நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. உடையில் பட்ட சேற்றுக்கே இச்சலுகை என்றால், வண்டியில் பட்ட சேற்றுக்கு ஈமானைத் துணைக்கழைப்பது என்ன நியாயம்?

இனிப் புழுதிக்கு வருவோம். அது நஜீஸ் அன்று என்பது மட்டுமில்லை. தூய்மைப்படுத்தும் பொருளாகவே அல்லாஹ் அதை நமக்கு ஆக்கித் தந்துள்ளான். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகப் படை முழுவதும் தண்ணீரில்லாத இடத்தில் தங்க நேர்ந்தது. தொழுகை நேரம் வந்தபோது உளூவுக்கு நீரில்லை. அந்தச் சூழலில்தான் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. தூய மண்ணில் கைகளை அடித்து முகத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டால் போதும் என்றாயிற்று. பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாகவும் தூய்மை தருவதாகவும் ஆக்கப்பட்டிருப்பதை, முந்தைய நபிமார்களுக்கு வழங்கப்படாத தனிச்சிறப்புகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

புழுதி படிந்த துணியிலோ, வாகனப் பிராணியின் சேணத்திலோ கைகளை அடித்துத் தயம்மும் செய்வதைப் பற்றி ஹனஃபி, ஷாஃபிஈ நூல்கள் இரண்டும் பேசுகின்றன. அன்றைய சேணத்தின் இடத்தில் இன்று காரின் பானட் இருக்கிறது. அதில் படிந்த தூய புழுதி, தண்ணீர் கிடைக்காத பயணியைத் தொழுகைக்குத் தகுதியாக்கும். அதே புழுதியைப் போக்க நூற்றைம்பது லிட்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதை ஈமானின் கணக்கில் எழுதுகிறோம். வண்டி பளபளக்க வேண்டும் என்பது நம் விருப்பம். அண்டை வீட்டார் பார்க்க வேண்டும் என்பது நம் ஆசை. விருப்பத்தை விருப்பம் என்றே சொல்வோம். அதற்கு மார்க்கத்தின் சட்டையை மாட்டிவிட வேண்டாம்.

இரு கைகள் அள்ளும் நீர்

தூய்மையை ஈமானின் பாதி என்று சொன்ன அதே நாவுக்குரியவர் எவ்வளவு நீரில் தூய்மை செய்தார்கள்? ஒரு முத்து அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து என்பது நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்கு உட்பட்டது. ஹனஃபி மத்ஹபின் கணக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர். நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ.

ஜாபிர் (ரலி) அவர்களிடம் குளிப்பைப் பற்றிச் சிலர் வினவினர். ஒரு ஸாஉ போதும் என்றார்கள். எனக்கு அது போதாது என்றார் ஒருவர். உம்மைவிட அடர்ந்த முடியும் உம்மைவிட மேன்மையும் உடையவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இந்தப் பதிலைக் கேட்ட பிறகும் எனக்குப் போதாது என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

எங்கள் வீட்டுக் குழாயில் இருபது லிட்டர் வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். வாளி நிறைய எழுபத்தைந்து வினாடிகள் ஆயின. நிமிடத்துக்குப் பதினாறு லிட்டர். பத்து நிமிடம் குழாயைத் திறந்துவைத்துக் காரைக் கழுவினால் நூற்றறுபது லிட்டர். ஒரு முத்து ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், நூற்றறுபது பேர் உளூச் செய்யும் நீர் அது. நடுத்தரமான ஒரு மஹல்லாவின் ஃபஜ்ரு ஜமாஅத்துக்குப் போதும், மீதமும் இருக்கும்.

தண்ணீரில்லாமல் கழுவிப் பார்த்தோம்

மலையிலிருந்து திரும்பிய பிறகு, இதற்கு மாற்று உண்டா என்று தேடினேன். தண்ணீரில்லாமல் கார் கழுவும் திரவம் என்ற பெயரில் கடைகளில் பல விற்கின்றன. அரை லிட்டர் தெளிப்புப் புட்டி ஒன்றை ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கி, பிள்ளைகளுடன் சேர்ந்து மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்தோம்.

திரவத்தின் வேலை எளிமையானது. அதிலுள்ள வழுவழுப்பான பொருள்கள் தூசித் துகள்களைச் சுற்றிப் போர்த்தி, வண்ணப்பூச்சிலிருந்து விடுவிக்கின்றன. மைக்ரோஃபைபர் துணியின் நுண்ணிழைகள் அத்துகள்களைத் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. கலந்துள்ள மெழுகு பளபளப்பைத் தருகிறது. துணியை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்த முகத்துக்கு மாற வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். அழுத்தித் தேய்க்காமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். வெயிலில் செய்தால் திரவம் காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும் என்பதால் நிழலில், இன்ஜின் சூடு ஆறிய பிறகே செய்ய வேண்டும்.

முதற்சோதனை, கோடையில் படிந்த உலர்ந்த புழுதி. முப்பத்தைந்து நிமிடங்களில், புட்டியில் கால்பங்கு செலவானது. கார் பளபளத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அழுக்கான ஆறு துணிகளையும் அலச அரை வாளி நீர் தேவைப்பட்டது. ஆகவே புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் போல அது முற்றிலும் தண்ணீரில்லாத கழுவல் அன்று. பத்து லிட்டர் கழுவல். நூற்றறுபதுக்குப் பத்து என்பது பெரிய சேமிப்புதான்.

இரண்டாம் சோதனை, மழைக்காலத்தில் அதே மலைப்பாதையில் சென்று வந்தபோது அப்பிய சேறு. எல்லாவகை அழுக்குக்கும் ஏற்றது என்று புட்டி கூறியது. அதை நம்பித் துடைத்தேன். சேற்றிலிருந்த மணற்பரல் துணியோடு சேர்ந்து கதவை உரசியது. அடுத்த நாள் வெயிலில் பார்த்தபோது, கறுப்பு நிறக் கதவில் சிலந்தி வலை போன்ற கீறல்கள். வண்ணப்பூச்சைப் பாதுகாக்க வாங்கிய பொருள் வண்ணப்பூச்சைக் கெடுத்தது. தடித்த சேற்றுக்கு இது உதவாது என்பதை விற்பவர்கள் தெளிவாக எழுதுவதே நேர்மை.

மூன்றாம் சோதனைக்குத் திரவமே இல்லை. சேறு காயும்வரை ஓர் இரவு விட்டோம். காய்ந்த கட்டிகளை மென்மையான தூரிகையால் தட்டி உதிர்த்தோம். ஒட்டியிருந்த மண்ணைக் குவளையால் நீர் ஊற்றி நனைத்து இறக்கினோம். பிறகு ஈரத்துணியால் துடைத்தோம். மொத்தம் பன்னிரண்டு லிட்டர் நீர், ஒரு வாளிக்கும் குறைவு. பளபளப்பு முதற்சோதனையைவிடச் சற்றுக் குறைந்திருக்கலாம். சுத்தம் குறையவில்லை. கீறலும் விழவில்லை.

ஆகவே இக்கட்டுரை அந்தப் புட்டிக்கான விளம்பரம் அன்று. உலர்ந்த புழுதிக்கு அது நல்ல பொருள். வாங்க இயன்றவர் வாங்கலாம். ஆனால் புட்டி கையில் வந்தவுடன், மாதம் ஒருமுறை கழுவியவர் வாரம் இருமுறை துடைக்கத் தொடங்கினால், நீரில் செய்த வீண்விரயம் ரசாயனத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்யும் வீண்விரயமாக இடம் மாறும், அவ்வளவே. வண்டியில் கட்டாயம் சுத்தமாக இருக்க வேண்டியவை முன்பின் கண்ணாடிகள், பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், எண் பலகை. மலைப்பாதையில் உயிரைக் காப்பவை இவை. இவற்றைத் துடைக்க ஒரு குவளை நீர் போதும். மற்றதெல்லாம் அழகு. அழகை அல்லாஹ் வெறுக்கவில்லை. அதற்குப் பிறருடைய நீரை விலையாகக் கொடுப்பதையே வெறுக்கிறான்.

மேல்மடையும் கீழ்மடையும்

ஓடும் நீர்தானே, எப்படியும் வீணாகப் போவதுதானே என்று கேட்போர் உண்டு. ஜவ்வாது மலையில் ஓடும் எந்த நீரும் வீணாகப் போவதில்லை. செய்யாறு இம்மலையில் பிறந்து, குப்பநத்தம் அணையில் தங்கி, செங்கம் வழியாக நெடுந்தூரம் ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. கமண்டல நதியின் நீரைச் செண்பகத்தோப்பு அணை தேக்குகிறது. மலையின் ஓடைகள் ஒவ்வொன்றும் கீழே ஒருவருடைய கிணறு, ஒருவருடைய வயல், ஒருவருடைய குடம். மலைமேலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் பிற தானியங்களும் விளைவித்து, கோடையில் ஊற்றுகளையும் ஓடைகளையும் நம்பி இருப்பவர்கள். நமக்கு அந்த ஓடை ஒரு நாள் உல்லாசம். அவர்களுக்கு அது ஆண்டு முழுவதற்குமான வாழ்வு.

மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான நீர்வழக்கு மார்க்கத்துக்குப் புதிதன்று. மதீனாவின் ஹர்ரா பகுதியில் பேரீச்சந்தோட்டங்களுக்குப் பாயும் வாய்க்கால் குறித்து, ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. மேல்மடையில் இருந்தவர் ஸுபைர். உம் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு அண்டைவீட்டாருக்கு விட்டுவிடும் என்றே நபி (ஸல்) அவர்கள் முதலில் கூறினார்கள். அன்சாரி அத்தீர்ப்பைக் குறை கூறிய பின்னரே, வரப்பை எட்டும்வரை தேக்கிக்கொள்ளும் முழு உரிமையை ஸுபைருக்கு அளித்தார்கள். அந்த முழு உரிமைக்கும் எல்லை வரப்புதான். பேரீச்ச மரத்தின் தேவைக்கே இவ்வாறு வரம்பு உண்டென்றால், வேனின் பளபளப்புக்கு மேல்மடை உரிமை எங்கிருந்து வந்தது?

தேங்கிய நீருக்குச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. குளிப்புக் கடமையானவர் தேங்கிய நீரில் இறங்கிக் குளிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படியானால் எவ்வாறு குளிப்பது என்று வினவப்பட்டபோது, நீரை வெளியே அள்ளிக் குளிக்க வேண்டும் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் விளக்கினார்கள். கோடை ஓடை என்பது பெரும்பாலும் தேங்கிய குட்டைகளின் வரிசையே. மனிதனின் உடலே அதில் இறங்கக் கூடாது என்று கற்பித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அடியில் எண்ணெய்க் கசிவும் கிரீஸும் பிரேக் தூசும் ஒட்டிய இரும்பு வண்டியை இறக்குகிறோம்.

ஸஅத் (ரலி) அவர்கள் உளூச் செய்கையில் நீரை மிகுதியாகச் செலவிட்டதைக் கண்டு, ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் இதில் விரயம் உண்டு என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னுமாஜாவில் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரை ஹதீஸ்கலை அறிஞர் பலர் பலவீனமாகக் கருதுகின்றனர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்செய்தி இல்லாமலேயே வழக்கு நிற்கும். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்துடைய கட்டளையும் (அல்குர்ஆன் 7:31), விரயம் செய்வோரை ஷைத்தான்களின் உடன்பிறப்புகளாகக் குறிப்பிடும் எச்சரிக்கையும் (17:27) போதாதா?

ஒரு நதியை இழந்தவர்கள் நாம்

ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும் என்பது அடுத்த கேள்வி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதி மக்களாகிய நாம் இக்கேள்வியைக் கேட்கத் தகுதியற்றவர்கள். மலையின் அடிவாரத்திலிருந்து பார்த்தால் தெரியும் பாலாறே அதற்குச் சாட்சி.

தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் அதன் வருவாயில் எழுந்தன. அந்த நன்றியை மறப்பதற்கில்லை. ஆனால் அதன் கழிவு மண்ணுக்கும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் செய்ததை மறைப்பதற்கும் இல்லை. வேலூர் குடிமக்கள் நலவாழ்வு மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவல் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்றது அத்தீர்ப்பால்தான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டுக்காகவும் ஆற்றின் மீட்புக்காகவும் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

ஆறு ஒரே நாளில் கெடவில்லை. ஒவ்வொரு தொட்டியின் உரிமையாளரும், என் ஒரு தொட்டியால் என்ன ஆகிவிடும் என்றே கேட்டிருப்பார். இப்போது மலையேறிச் சென்று, ஆற்றின் ஊற்றுக்கண்களில் நின்றுகொண்டு, என் ஒரு வேனால் என்ன ஆகிவிடும் என்று நாம் கேட்கிறோம். ஒரு நதியை இழந்த சமுதாயம் அடுத்த ஓடையிடமாவது வெட்கத்துடன் நடந்துகொள்ள வேண்டாமா?

பற்றாக்குறையும் நமக்குக் கதையன்று. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12 அன்று முதல் தண்ணீர் ரயில் புறப்பட்டது நம் ஜோலார்பேட்டையிலிருந்துதான். ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் அது வந்து நின்றபோது, ஒரு பெருநகரமே அதை வரவேற்றது. என் வீட்டுக் குழாய்க் கணக்கில், அந்த ரயில் முழுவதன் நீரும் பதினைந்தாயிரத்து அறுநூறு கார்களைக் கழுவினால் தீர்ந்துவிடும். 2024 மார்ச் மாதம் பெங்களூருக் குடிநீர் வாரியம், குடிநீரால் வாகனம் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அபராதத்துக்கு அஞ்சி நிறுத்துவது நகரவாசியின் கட்டாயம். அல்லாஹ்வுக்கு அஞ்சி நிறுத்துவதுதான் முஃமினின் அடையாளம்.

சில மறுப்புகளுக்கு

என் நிலம், என் ஆழ்துளைக் கிணறு, என் மின்கட்டணம் என்பார் சிலர். குழாய் உங்களுடையது, மோட்டார் உங்களுடையது. நிலத்தடி நீருக்கு உங்கள் மதில் தெரியாது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி. நீங்கள் ஐந்நூறு அடியிலிருந்து இழுப்பது அண்டைவீட்டாரின் இருநூறு அடிக் கிணற்றின் பங்கும்தான். உங்கள் நீர் பூமிக்குள் வற்றிப் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்ற பொருளில் அல்முல்க் அத்தியாயத்தின் இறுதி வசனம் (67:30) நம்மைக் கேட்கிறது. அதை இரவுதோறும் ஓதும் வழக்கமுள்ளவர்கள் நம்மில் பலர். ஆழ்துளைக் கிணறு வற்றிய வீட்டில் நின்று ஓதிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

கழுவும் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது என்பது பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. அவருடைய கூலி நீரின் அளவுக்கன்று, உழைப்புக்கு. நம் சமுதாயத்து இளைஞர் எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளில், விடியுமுன் எழுந்து, ஒரு வாளி நீரும் இரண்டு துணிகளுமாக வரிசை வரிசையாகக் கார்களைத் துடைத்து, அந்த வருமானத்தில் தங்கைகளுக்குத் திருமணம் முடித்திருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒரு வாளியில் செய்யத் தெரிந்த வேலையை ஊருக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டுச் செய்வது ஏன்? துடைக்கும் கைகளுக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுப்போம். நீரை மட்டும் குறைப்போம்.

கழுவியது ஓட்டுநர்தானே, நாங்கள் இல்லையே என்பது கடைசி மறுப்பு. இதை நான் என்னிடமே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வாடகை கொடுத்தது நாம். வழியில் நிறுத்தச் சொன்னது நாம். கண்ணெதிரே நடந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது நாம். அந்த ஓட்டுநர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வண்டி அழுக்காக இருந்தால் நாம் முகம் சுளிப்போம் என்று அஞ்சியே செய்தார். உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பிலுள்ளவை பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியில் பயணக்குழுவின் தலைவருக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை.

என்ன செய்வோம்?

மலைக்குச் செல்லும் முன், வேன் அமர்த்தும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவோம்: “அண்ணே, வண்டியை ஓடையில இறக்க வேண்டாம், புழுதியோட திரும்புனாலும் எங்களுக்குக் குறையில்லை.” இந்த ஒரு சொல் போதும். ஓடையருகே தங்க நேர்ந்தால், உளூவுக்கான நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் வெளியே மொண்டு, கரையிலிருந்து தள்ளிப் பயன்படுத்துவோம். சோப்பும் ஷாம்புவும் ஓடைக்குள் செல்ல வேண்டாம்.

வீட்டில், புழுதிக்கு ஈரத்துணியோ அந்தப் புட்டியோ போதும். சேற்றுக்குக் காயவிட்டு ஒரு வாளி. குழாய் நீளவே வேண்டாம். அழுக்குத் துணி அலசிய நீரைக் கிணற்றோரத்திலும் குடிநீர்த் தொட்டியருகிலும் ஊற்றாமல் இருப்போம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் கத்தீப்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாள் விடுமுறைகளுக்கு முந்தைய ஜுமுஆவில் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். விரயம் என்றதும் திருமண விருந்தை மட்டும் சுட்டிக்காட்டுகிறோம். வாசலில் வழிந்தோடும் நீரையும் சுட்டிக்காட்டுங்கள்.

அந்த மூதாட்டியை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. மழைக்காலத்தில் சென்றபோது ஓடை நிறைந்து ஓடியது, தடத்தில் எவரும் இல்லை. அன்று எங்கள் கார் முழங்கால் உயரச் சேற்றுடன் வாணியம்பாடிக்குள் நுழைந்தது. தெருவில் இருவர் நின்று பார்த்துச் சிரித்தனர். எங்கள் பெரியத்தா முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். “சிரிக்கட்டும், மண்ணுதானே” என்றார்.

தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு புகட்டியவரின் பாவத்தை மன்னித்த ரப்பு, தாகித்த மனிதர்களின் நீரை நுரையாக்கிய எங்களையும் மன்னிப்பானாக. அவன் அளந்து இறக்கும் நீரை அளந்து செலவிடும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.